வலதுசாரி என்ற ஒரே சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளிவந்த அரசியல் கட்டுரையொன்று, முன்னோர் விட்டுச்சென்ற மரபைக் காக்க வேண்டும் என்போரையும், அரசின் கை தனிமனிதர் மீது தேவைக்கு மேல் படக் கூடாது என்போரையும் ‘வலதுசாரிகள்’ என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தது. இருவரும் பொதுவுடைமையை எதிர்ப்பவர்கள் என்பது உண்மை. ஆனால் எதை எதிர்க்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒருவருடைய கொள்கையை அளந்துவிட முடியாது. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். குமரி மாவட்டத்தில் தேரூர்ப் பக்கம் எனக்கு நாற்பது சென்ட் வயல் உண்டு. இவ்விரு கொள்கைகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே முறித்துக்கொள்கின்றன என்பதை எங்கள் மாவட்டத்தின் வரலாறும் என் வயலின் வரப்பும் எனக்குக் காட்டியிருப்பதால், சற்று நீண்டாலும் இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

கன்சர்வேட்டிவ் என்பதற்குத் தமிழில் ‘பழமைவாதி’ என்ற சொல் நிலைத்துவிட்டது. மேடைகளில் அது வசைச்சொல்லாகவே புழங்குவதால் இங்கே ‘மரபுவாதி’ என்று எழுதுகிறேன். லிபர்டேரியன் என்பவரைச் ‘சுதந்திரவாதி’ என்கிறேன். தாராளவாதி என்று எழுதினால் அது லிபரல் என்பதோடு குழம்பிவிடும்.

இவ்விருவரும் ஒன்றுபடும் இடத்துக்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, உழவர்கள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணை முறையை நாட்டு வேளாண்மையின் வருங்கால வடிவமாக ஏற்றது. அதே ஆண்டில் ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினு மசானி, கே.எம். முன்ஷி முதலியோர் சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினர். ரங்கா ஆந்திர உழவர் இயக்கத்தில் வளர்ந்தவர். மசானி சோஷலிஸ்டாகத் தொடங்கித் தனியார் தொழிலின் பக்கம் வந்து சேர்ந்தவர். முன்ஷி சோமநாதர் ஆலயத்தை மீண்டும் எழுப்புவதில் முன்னின்றவர். இப்படி வெவ்வேறு மனப்போக்கு உடையவர்கள் ஒரே கொடியின்கீழ் நின்று 1962 தேர்தலில் மக்களவைக்கு 18 பேரையும் 1967-ல் 44 பேரையும் அனுப்பினார்கள் என்றால், அவர்களை இணைத்த கருத்துக்கு வலிமை இருந்திருக்க வேண்டும். எந்த வயலில் எப்போது நாற்று நட வேண்டும், எந்தத் தொழிலை யார் நடத்த வேண்டும் என்பதைத் தலைநகரில் கோப்பு பார்ப்பவரால் அறிய முடியாது என்பதே அந்தக் கருத்து.

ஆனால் அந்த ஒரே முடிவுக்கு இருவரும் வந்து சேர்ந்த வழி ஒன்றல்ல. சுதந்திரவாதி, அறிவு கோடிக்கணக்கான மக்களிடம் சிதறிக் கிடக்கிறது, அதை ஒரு மேசையில் திரட்ட முடியாது என்பதால் அரசை ஒதுங்கச் சொல்கிறார். மரபுவாதியோ, அறிவு தலைமுறை தலைமுறையாகப் படிந்து வந்தது, அதை ஒரு தீர்மானத்தால் மாற்றியமைக்க முடியாது என்பதால் ஒதுங்கச் சொல்கிறார். ஒருவர் இன்று உயிரோடிருக்கும் மனிதரை நம்புகிறார்; மற்றவர் இறந்துபோனவர்களையும் சேர்த்து நம்புகிறார். எதிரே நிற்பது அரசாக இருக்கும்வரை இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எதிரே நிற்பது ஊர்வழக்கமாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கும்போதுதான் அது வெளியே வருகிறது.

ராஜாஜியின் வாழ்க்கையிலேயே இதைக் காணலாம். 1952-ல் சென்னை மாநில முதலமைச்சராக வந்தவுடன் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். எந்தத் தொழிலுக்கும் அரசின் உரிமம் கேட்டு நிற்க வேண்டிய நிலையைக் குறிக்கும் லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம் என்ற சொல்லாட்சியை நாட்டுக்குக் கொடுத்தவரும் அவரே. அதே ராஜாஜிதான் 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அந்த வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியையும் விதித்தார். 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, முதிர்ந்த வயதிலும் கருணாநிதியை நேரில் சென்று பார்த்து அதைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார். ஒருவன் எந்த நெல்லை எவ்வளவு விலைக்கு விற்கிறான் என்பதில் தலையிடாத அரசு, அவன் மாலையில் என்ன குடிக்கிறான் என்பதில் தலையிடலாம் என்றால், அங்கே பேசுவது சுதந்திரவாதி அல்ல, மரபுவாதி. 1953-ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் இந்தப் பிளவு இன்னும் ஆழமாகத் தெரிகிறது. பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்ற அந்தத் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954-ல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. உழவன் எதைப் பயிரிட வேண்டும் என்று அரசு சொல்லக் கூடாது என்றவர், உழவன் மகன் எதைக் கற்க வேண்டும் என்பதற்கு அரசின் பள்ளி நேரத்தையே கருவியாக்கினார். ராஜாஜி மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. இந்த இடத்தில் அவரை ஏற்க என்னால் முடியவில்லை.

மதுவைப் பற்றிச் சொன்னதால் எங்கள் பனையேறிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, அதாவது வெளியூரார் சொல்லும் பதநீர். தடவாவிட்டால் அதே மரத்தின் அதே நீர் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டி ஓரிரு கிலோமீட்டர் போனால் கேரளத்தில் அது உரிமம் பெற்ற தொழில். இங்கே பனையேறி கலயத்தில் சுண்ணாம்பு தடவினானா என்று பார்க்கும் அரசே, 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் தானே மது வகைகளைச் சில்லறையில் விற்கிறது. இந்த ஒன்றில் மரபுவாதியும் சுதந்திரவாதியும் சேர்ந்தே எழுந்து நிற்க வேண்டும். முன்னவர் குடும்பத்தைக் கெடுக்கும் வணிகத்தை அரசே நடத்துவதற்காகவும், பின்னவர் எளியவனின் தொழிலைத் தடுத்துவிட்டு அரசு தனியுரிமை கொண்டாடுவதற்காகவும் எதிர்ப்பார்கள். ஆனால் அரசு கடையை மூடிய மறுநாளே இருவரும் பிரிந்துவிடுவார்கள்: ஒருவர் கள்ளுக்கடை திறக்கட்டும் என்பார், மற்றவர் எந்தக் கடையும் வேண்டாம் என்பார். மரபுவாதிக்குள்ளேயே கூட, பனைத்தொழில் என்ற மரபைக் காப்பதா, குடியாமை என்ற அறத்தைக் காப்பதா என்ற வழக்கு எழும்.

மேல்நாட்டில் இந்தப் பிளவு வெகுகாலமாகப் பேசப்படுகிறது. 1975-ல் ரொனால்டு ரீகன் ஒரு பேட்டியில், மரபுவாதத்தின் உயிர்நாடியே சுதந்திரவாதம்தான் என்ற பொருளில் பேசினார். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 1960-ல், பொருளியல் அறிஞர் ஹாயெக் தாம் ஏன் மரபுவாதி அல்லர் என்பதற்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதிவிட்டார். நல்ல நோக்கத்துக்கு என்றால் அதிகாரத்தைப் பயன்படுத்துவதில் மரபுவாதிக்குத் தயக்கம் இல்லை என்பது அவர் சுட்டிய குறைகளில் ஒன்று. ஹாயெக் சொன்னதே சரி என்று நான் கருதுகிறேன். எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றும் இதற்குப் பொருந்தும்: குலசேகரம், அருமனைப் பகுதி ரப்பர் விவசாயிகள் இறக்குமதி ரப்பருக்கு வரி வேண்டும் என்று கேட்கும்போது மரபுவாதி அவர்களோடு நிற்பார், சுதந்திரவாதி நிற்க மாட்டார்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நெடுங்காலம் தடையின்றி அனுபவித்து வந்தது உரிமையாகிறது என்பது நம் வருவாய்த் துறையாரும் வழக்கறிஞரும் நாள்தோறும் சொல்லும் செய்தி. அனுபவ பாத்தியதை என்பார்கள். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-ல் நூல் எழுதிய எட்மண்ட் பர்க், மரபுவாதத்தின் முதல் பெரும் சிந்தனையாளர் என்று கருதப்படுபவர், சொத்துக்கும் ஆட்சிக்கும் ஆதாரமாகக் காட்டியது இந்த நெடுநாள் அனுபவத்தைத்தான். சுதந்திரவாதிக்கும் இதில் பெரிய மறுப்பு இல்லை. முறையாக வந்த உடைமையைப் பிறர் பறிக்கக் கூடாது என்பதுதானே அவருடைய அடிப்படை. ஆகவே இருவரும் ஒரே வேரில் நிற்கிறார்கள் என்று தோன்றும். அந்த வேர் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத் தோள்சீலைப் போராட்டம் காட்டிவிட்டது.

அன்றைய திருவிதாங்கூரில் நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். மிஷனரிகள் வழியே கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணியத் தொடங்கியபோது, சந்தைகளிலும் பொதுவழிகளிலும் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829-ல் வெளியான அரச அறிவிப்பு மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணிவதைத் தடுத்து வழக்கத்தின் பக்கமே நின்றது. 1858-ன் இறுதியில் நாகர்கோவில் பகுதியில் கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் வற்புறுத்தலுக்குப் பின், 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை அறிவித்தார்; அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் அதே முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று மேல்சாதியார் முன்வைத்த வாதத்தை நேர்மையாக எடுத்துப் பாருங்கள். இது எங்கள் முன்னோர் காலம் தொட்டு வந்த மரியாதை. இதைக் குலைத்தால் நாட்டின் ஒழுங்கே குலைந்துவிடும் என்றார்கள். மரபுவாதத்தின் சொற்களை அப்படியே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். மரபுவாதி என்று என்னைச் சொல்லிக்கொள்ளும் எனக்கு இது ஆறாத புண். ஏனெனில், நெடுநாள் அனுபவம் ஒரு வாய்க்கால்மீது உரிமை தரலாம், இன்னொரு மனுஷியின் உடல்மீது தர முடியாது என்பதற்கான எல்லைக்கோடு மரபுவாதத்தினுள் இல்லை. அந்தக் கோட்டைச் சுதந்திரவாதத்திடமிருந்துதான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பிறருக்குத் தீங்கு நேராதபோது ஒருவர் விருப்பத்துக்கு மாறாக அவர்மீது சமூகமோ அரசோ அதிகாரம் செலுத்தக் கூடாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் லண்டனில் எழுதி வெளியிட்டதும் அதே 1859-ஆம் ஆண்டில்தான். மில்லைப் படித்துவிட்டு எங்கள் பெண்கள் குப்பாயம் அணியவில்லை. தன் உடல் தன்னுடையது என்பது அவர்களுக்குத் தாமாகவே தெரிந்திருந்தது.

சுதந்திரவாதிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அரசு விலகிக்கொண்டாலே மனிதன் சுதந்திரமாகிவிடுவான் என்று அவர்களில் பலர் பேசுகிறார்கள். சந்தையில் ஆடையைக் கிழித்தவர்கள் எல்லோரும் அரசுச் சேவகர்கள் அல்ல. பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள். அவர்களை அடக்குவதற்கு ஓர் அரசு ஆணை தேவைப்பட்டது, அந்த ஆணை வருவதற்கு வெளியிலிருந்து ஓர் அழுத்தமும் தேவைப்பட்டது.

இந்தப் போராட்டம் நீண்ட காலத்துக்குள்ளேயே சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் செய்ததை இரு சாராரும் ஊன்றிப் பார்க்க வேண்டும். அவர் அரசனிடம் மனு கொடுக்கவில்லை. அரசனால் சிறையிலும் அடைக்கப்பட்டார். தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார், எல்லோரும் நீர் எடுக்கும் முத்திரிக்கிணறு வைத்தார், துவையல்பந்தியில் சேர்ந்து உண்டு வாழப் பழக்கினார். அன்று தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் கூட்டம் அது. இன்று ஊர்தோறும் நிழல்தாங்கல் என்னும் வழிபாட்டிடங்களாக நிற்கும் மரபு. சுதந்திரவாதி விரும்பும் தன்னார்வக் கூட்டுறவும் மரபுவாதி போற்றும் வழிவழி வந்த ஒழுக்கமும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழி முறையும் இவ்வாறே ஆராயத்தக்கது. ஒருவர் உழைத்துச் சேர்த்த பொருள் அவர் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போய்விட, மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரில் சிறு பங்கே கிடைத்தது. எங்கள் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இக்கொடுமையைப் பாடலாகவே பாடி, தம் சமூகத்தாரின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தார். 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. ஒருவன் ஈட்டியது அவன் விரும்பியவருக்குச் சேரட்டும் என்று சுதந்திரவாதி இதை வரவேற்பார். மரபுவாதியும் வரவேற்கலாம், ஏனெனில் மாற்றம் அச்சமூகத்தின் உள்ளிருந்தே, அதன் புலவர் வாயாலேயே எழுந்தது. தோள்சீலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொத்து வழக்கில் ஒரு சமூகம் தானே பேசித் தெளியும்வரை காத்திருக்கலாம். உடல் மீதான மானத்தில் ஒரு நாள்கூடக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கடைசியாக என் வயல். எங்கள் பத்தில், அதாவது வயல்தொகுதியில், தண்ணீர் சானல் மடையிலிருந்து முதலில் மேல்வயலுக்கு வரும். அங்கிருந்து வரப்பில் வெட்டிய வாமடை வழியே அடுத்த வயலுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. கீழ்வயல்களுக்கென்று தனி வாய்க்கால் கிடையாது. பேச்சிப்பாறை அணை கட்டி முடிவதற்கு, அதாவது 1906-க்கு, முன்பிருந்தே இப்படித்தான் என்று என் பாட்டா சொல்லுவார். (அந்த அணையை ஓர் அரசுதான் கட்டியது என்பதைச் சுதந்திரவாதிகள் மறக்கக் கூடாது.) சில ஆண்டுகளுக்கு முன் கும்பப்பூ போகத்தின் அறுவடை முடிந்த கையோடு, எனக்கு மேல்வயல்காரர் டிப்பர் லாரிகளில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். மனையாக விற்று மகள் திருமணத்தை நடத்த வேண்டும் என்பது அவர் நிலை. நான் போய்க் கேட்டபோது, “அண்ணாச்சி, வயல் எனக்கு, பத்திரமும் எம் பேருல. உங்க வயலுலயா நான் மண்ணு போட்டேன்?” என்றார். சுதந்திரவாதத்தின் முழு வாதமும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அன்று நான் பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

பின்னர் யோசித்தபோது பதில் சுதந்திரவாதத்துக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. அவர் வயல் வழியே எனக்குத் தண்ணீர் வரும் உரிமையும் ஓர் உடைமைதான். 20 ஆண்டுகள் இடையறாமல் அனுபவித்த நீர்வழி உரிமையை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமே ஏற்கிறது. அவர் மண் போட்டது தன் வயலில்தான் என்றாலும், அடைபட்டது என் உரிமை. இதுவரை மரபுவாதியும் சுதந்திரவாதியும் என்னோடு வருவார்கள். ஆனால் அவர் எனக்கு ஒரு குழாய் பதித்துத் தந்துவிட்டால் சுதந்திரவாதியின் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். என் கணக்கு தீராது. அந்தச் செம்மண்ணுக்கு அடியில் போனது, பல தலைமுறைகள் மிதித்துப் பதப்படுத்திய சேறு. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதை இனி ஒருவராலும் வயலாக்க முடியாது. இருப்போர், இறந்தோர், இனிப் பிறக்கப்போவோர் ஆகிய மூவரின் கூட்டே சமுதாயம் என்று பர்க் எழுதியதில் மூன்றாமவருக்காகப் பேச சுதந்திரவாதத்தில் ஆள் இல்லை.

அதே வேளையில், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக வயலை வைத்திரு என்று அந்த மனிதரிடம் சொல்லும் மரபுவாதி, பிறந்து வளர்ந்து திருமணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு யார் செலவு செய்வது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். நெல் விற்ற காசு உழவுக்கூலிக்கும் அறுவடைக்கும் சரியாகப் போய்விடும் காலத்தில், ஊருக்காக ஒருவர் மட்டும் இழப்பைச் சுமக்கட்டும் என்பது நியாயமல்ல. நன்செய்யை மனையாக்க அனுமதி வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதி இருக்கும்போதே நாஞ்சில் நாட்டில் பத்துகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. தடையை எழுதுவது எளிது. தடைக்கு உள்ளானவருக்கு ஊரும் அரசும் சேர்ந்து ஈடு கொடுப்பதைப் பற்றி எங்கள் மரபுவாதிகள் யாரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் விஷயத்தில் வழக்குக்குப் போகவில்லை. பல நாள் பேசி, மனையின் ஓரமாக இரண்டடி அகலம் விட அவர் ஒப்புக்கொண்டார். கீழ்வயல்காரர்கள் நால்வரும் பணம் போட்டு அதில் சிமெண்ட் ஓடை கட்டி, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். இந்தக் கன்னிப்பூ போகத்துக்குத் தண்ணீர் அந்த ஓடை வழியாகத்தான் வந்தது. இப்போது அவருக்கும் மேலே உள்ள வயல்காரர் விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம். இந்த முறை வாமடையைப் பற்றி மட்டுமல்லாமல், வயலை வயலாகவே வைத்திருக்க அவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதையும் கேட்பதாக நால்வரும் முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தேரூர், கன்னியாகுமரி மாவட்டம்.